நட்பா, அதற்கு மேலா?

ப்ளஸ் டூ முடிந்து பல ஆண்டுகள் கழித்து, பழைய வகுப்புக்கென்று யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது. அன்றைக்குச் சொல்லாமலே விட்ட ஈர்ப்பின் பெயர். முதலில் குழுவில் பொதுவான நலம் விசாரிப்பு. பிறகு தனியாக ஒரு செய்தி: "எப்படி இருக்க? அடிக்கடி உன்னை நெனச்சுப்பேன்." அடுத்த வாரம் ஒரு பழைய புகைப்படம் வருகிறது. அதற்கும் பிறகு, ஊருக்கு வரும்போது ஒரு காபி சாப்பிடலாமா என்ற கேள்வி. இதில் நட்பு எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு?

இந்தக் கேள்வியோடு தூக்கமில்லாமல் புரள்கிறவர்கள் எல்லா வயதிலும் இருக்கிறார்கள். இன்னொருவர் மனத்தைத் திறந்து காட்டும் கருவி எதுவும் அறிவியலிடம் இல்லை. ஆனால் இத்தகைய குறிப்புகளை நாம் எங்கே தவறாகப் படிக்கிறோம், ஏன் அப்படிப் படிக்கிறோம் என்பது பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் உளவியல் நிறையக் கற்றிருக்கிறது. ஒருவரிடம் முன்பு ஈர்ப்பு கொண்டிருந்தவர், அவருடைய இன்றைய குறிப்புகளைப் படிக்கத் தகுதி மிகக் குறைந்தவர். அந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான்.

காதலின் குறிப்பை உடம்பில் தேடுவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தலைவியிடம் தோன்றும் குறிப்புகளைப் படிப்படியாக வரிசைப்படுத்துகிறது. நெற்றி வியர்ப்பது, எழும் சிரிப்பை மறைப்பது, கூந்தலை விரிப்பது, காதணியைக் கழற்றுவது, பூண்ட அணிகளைத் தடவிக்கொண்டிருப்பது, உடையைத் தளர்த்தி மறுபடி உடுத்துவது என்று அந்த வரிசை போகிறது. வள்ளுவர் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் எழுதினார். 71ஆவது அரசியலுக்கு, 110ஆவது காதலுக்கு. 1985இல் அமெரிக்க உளவியலாளர் மோனிகா மூர் ஏறக்குறைய இதே வேலையைக் களத்தில் இறங்கிச் செய்தார். மது விடுதி போன்ற இடங்களில் 200க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து, ஓரப் பார்வை, முடியைக் கோதுவது, தலையைச் சாய்த்துச் சிரிப்பது என்று 52 வகை அசைவுகளைத் தொகுத்தார். அவற்றை அதிகம் காட்டிய பெண்களை ஆண்கள் அதிகம் அணுகினார்கள்.

ஆனால் மூர் கவனித்தது, முன்பின் அறியாதவர்கள் சந்திக்கும் இடங்களை. தோளில் தட்டுவது, வயிறு குலுங்கச் சிரிப்பது, தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொள்வது எல்லாம் பழைய நண்பரிடம் முதல் நாளிலிருந்தே இருந்தவை. அந்நியரிடம் குறிப்பாகத் தெரியும் ஒரு செயல், நண்பரிடம் அன்றாடப் பழக்கம். பத்திரிகைகளில் வரும் "அவர் உங்களை விரும்புகிறார் என்பதற்கான அடையாளங்கள்" வகைப் பட்டியல்கள் பழைய நட்பின் முன் பயனற்றுப் போவது இதனால்தான்.

கண்பாவை விரிந்தால் காதல் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது 1960களில் எக்கார்ட் ஹெஸ் என்ற உளவியலாளர் செய்த ஆய்வுகளிலிருந்து பரவியது. மனக்கணக்கு போடும்போதும் கண்பாவை விரிகிறது என்று காட்டியதும் அதே ஹெஸ்தான். வெளிச்சம் குறைந்தாலும் விரியும். மங்கிய விளக்குள்ள உணவகத்தில் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து முடிவுக்கு வருவது வீண். 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்பின் அறியாத சுமார் 140 பேரை ஜோடி ஜோடியாகச் சந்திக்க வைத்து, கண்ணோட்டம், சிரிப்பு, இதயத் துடிப்பு, தோலின் மின்கடத்தல் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். வெளியே தெரிந்த சிரிப்பும் பார்வையும் ஈர்ப்பைக் காட்டிக்கொடுக்கவில்லை. இருவரின் இதயத் துடிப்பும் தோலின் மின்கடத்தலும் ஒன்றுக்கொன்று இசைந்து ஏறி இறங்கியதுதான் ஈர்ப்போடு தொடர்புபட்டது. அது கண்ணுக்குத் தெரியாது.

சரி, நம் கணிப்பு எவ்வளவு துல்லியம்? 1982இல் அன்டோனியா ஆபி செய்த ஆய்விலிருந்து தொடங்கலாம். அறிமுகமில்லாத ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசினார்கள். இன்னோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து அதைப் பார்த்தார்கள். பேசிய ஆணும் பார்த்துக்கொண்டிருந்த ஆணும் அந்தப் பெண்ணின் நட்பான பேச்சில் பாலியல் விருப்பத்தைக் கூடுதலாகக் கண்டார்கள். பெண்கள் அப்படிக் காணவில்லை. அன்றிலிருந்து, ஆண்களுக்கு எல்லாமே காதலாகத் தெரியும் என்று பேசப்பட்டது. 2008இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 280 மாணவ மாணவியரிடம் புகைப்படங்களைக் காட்டி நடத்திய ஆய்வு இதைத் திருத்தியது. நட்பை விருப்பம் என்று ஆண்கள் தவறாக எடுத்துக்கொண்டதோடு, உண்மையான விருப்பத்தையும் வெறும் நட்பு என்று பெண்களைவிட அதிகமாகத் தவறவிட்டார்கள். ஆசை கண்ணை மறைக்கிறது என்பதைவிட, இரண்டையும் பிரித்துக் காணும் கூர்மையே குறைவு என்பது பொருத்தமான விளக்கம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2014இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் குழு வெளியிட்ட ஆய்வு. அறிமுகமில்லாத 52 ஜோடிகள் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, நீங்கள் விருப்பத்தோடு கொஞ்சிப் பேசினீர்களா, எதிரே இருந்தவர் அப்படிப் பேசினாரா என்று கேட்டார்கள். எதிரே இருந்தவர் அப்படிப் பேசாதபோது, இல்லை என்று சரியாகச் சொன்னவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். உண்மையிலேயே அப்படிப் பேசியபோது அதைக் கண்டுபிடித்த ஆண்கள் 36 சதவீதம், பெண்கள் 18 சதவீதம்.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆணுக்கு வாய்க்கும் 100 உரையாடல்களில் பத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் உண்மையான விருப்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 36 சதவீதத் திறமையோடு அவர் அதில் நான்கைக் கண்டுபிடிப்பார். மீதி 90 உரையாடல்களில் 100க்கு 16 என்ற அளவில் தவறு செய்தாலும், 14 முறை இல்லாததை இருப்பதாக நினைப்பார். ஆக 18 முறை "இருக்கிறது" என்று தோன்றினால், அதில் சரியானது நான்கே. அவர் முட்டாள் என்பது இதன் பொருளல்ல. அரிதாக நடப்பதைத் தேடும் எவருக்கும், எந்தக் கருவிக்கும், இதே கதிதான். ரேடார் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த சமிக்ஞை கண்டறியும் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. தெரிந்தவர், உடன் படித்தவர், உடன் வேலை செய்பவர் என்று நம்மிடம் அன்பாகப் பேசுகிறவர்கள் ஏராளம். நம்மை விரும்புகிறவர்கள் சிலர். அன்பாகப் பேசினார் என்பதை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே போகும்.

இதுவரை சொன்னது அந்நியர்களைப் பற்றி. நண்பர்களிடம் நிலைமை இன்னும் சிக்கல். விஸ்கான்சின்-ஓ கிளேர் பல்கலைக்கழகத்தின் ஏப்ரல் பிளெஸ்கெ-ரெசெக் குழு, நண்பர்களாக இருக்கும் 88 ஆண்-பெண் ஜோடிகளை வரவழைத்து, இருவரையும் பிரித்து வைத்துத் தனித்தனியாக விசாரித்தது. முடிவு 2012இல் வெளியானது. நண்பியிடம் ஈர்ப்பு கொண்ட ஆண்கள், அவருக்கும் தங்களிடம் ஈர்ப்பு இருப்பதாக நம்பினார்கள். தங்களுக்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அவருக்கும் இருக்கும் என்று. பெண்கள் பொதுவாகத் தங்களுக்கு ஈர்ப்பில்லாத இடத்தில் நண்பனுக்கும் இல்லை என்றே எடுத்துக்கொண்டார்கள். அவன் மனதில் இருப்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இரு தரப்பும் எதிராளியின் மனத்தைப் படித்ததாக நினைத்துக்கொண்டு தங்கள் மனத்தையே படித்திருக்கிறது. முன்னாள் ஈர்ப்பு விஷயத்தில் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. உங்களிடம் பழைய தீயின் கனல் கொஞ்சம் மிச்சமிருந்தால், அவருடைய சாதாரண வாக்கியங்களும் அந்த வெளிச்சத்தில்தான் உங்களுக்குத் தெரியும்.

நெருங்கிய பழக்கம் இதைச் சரிசெய்யும் என்று தோன்றலாம். "எனக்கு அவளைத் தெரியாதா?" என்போம். கென்னத் சாவிட்ஸ்கியும் உடனிருந்தோரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. அந்நியரிடம் பேசும்போது, இவருக்கு நான் சொல்வது புரிகிறதா, அவர் சொல்வது எனக்குப் புரிகிறதா என்று கவனமாக இருக்கிறோம். நண்பரிடமும் துணைவரிடமும் அந்தக் கவனத்தைக் கைவிட்டுவிட்டு, புரிந்துவிட்டது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம். நெருக்கம் புரிதலைக் கூட்டும் அளவைவிட, புரிந்துவிட்டது என்ற நம்பிக்கையை அதிகம் கூட்டுகிறது. அதிலும் உங்களுக்குத் தெரிந்தவர் பதினேழு வயதுக்காரர். இப்போது செய்தி அனுப்புகிறவர் முப்பதையோ நாற்பதையோ தாண்டிய வேறொருவர்.

நினைவும் நம்பத்தக்க சாட்சி அல்ல. 1932இலேயே பிரெடெரிக் பார்ட்லெட் இதை எழுதிவிட்டார். நினைவு என்பது பத்திரப்படுத்திய பிரதியை எடுத்துப் பார்ப்பதல்ல. ஒவ்வொரு முறையும் இன்றைய மனநிலைக்கு ஏற்ப அதைக் கட்டியெழுப்புகிறோம். பள்ளி ஆண்டுவிழாவில் அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தது நடந்திருக்கலாம். அந்தப் பார்வைக்கு இருந்த பொருள், அதற்குப் பிறகு நீங்கள் நூறு முறை நினைத்தபோது சேர்ந்ததாகவும் இருக்கலாம். இன்றைய செய்தியில் குறிப்பைத் தேடும்போது, அப்போதே இருந்தது என்று பழைய நினைவைச் சான்றாக இழுக்கிறோம். பழைய நினைவுக்குச் சான்றாக இன்றைய செய்தியை வைக்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் வலுவாகத் தோன்றுகின்றன. தனியாக எடுத்தால் இரண்டுமே மெலிந்தவை.

இதோடு நிச்சயமின்மை தரும் போதையும் சேர்கிறது. 2011இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 47 மாணவிகளிடம் சில ஆண்களின் பேஸ்புக் பக்கங்களைக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம், இந்த ஆண்களுக்கு உங்களை மிகவும் பிடித்திருக்கிறது என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம், சுமாராகப் பிடித்திருக்கிறது என்றார்கள். மூன்றாம் பகுதியினரிடம், பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆண்களிடம் அதிக ஈர்ப்பு கொண்டவர்கள் மூன்றாம் பகுதியினர்தான். விடை தெரியாததால் அவர்களைப் பற்றியே அதிகம் நினைத்தார்கள். டோரத்தி டென்னோவ் 1979இல் எழுதிய புத்தகத்தில் ஆட்கொள்ளும் காதலை விவரித்தபோதும், அதை வளர்ப்பது நம்பிக்கையும் ஐயமும் மாறி மாறி வருவதுதான் என்றார். ஆகவே, ஒருவரைப் பற்றி ஓயாமல் நினைக்கிறீர்கள் என்பதை விதியின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் கிடைக்காத கேள்வி மனதைப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் ஒன்றுமே இல்லை" என்ற முடிவுக்குப் போவதும் தவறு. ஹால் ஆய்வைத் திரும்பப் பாருங்கள்: உண்மையில் இருந்த விருப்பத்தில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படவில்லை. அதற்குக் காரணம் பார்ப்பவர் மட்டுமல்ல, காட்டுபவரும்தான். கனடாவைச் சேர்ந்த ஜாக்கி வோராவரும் உடனிருந்தோரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நிராகரிப்புக்கு அஞ்சுகிறவர்கள் தாங்கள் காட்டும் சிறு குறிப்பையே பெரிதாகக் காட்டிவிட்டதாக நினைக்கிறார்கள் என்று தெரிந்தது. "நேற்று அவ்வளவு நேரம் பேசினேனே, இதற்கு மேல் எப்படிக் காட்டுவது" என்று இவர் நினைக்கிறார். அவருக்கோ வழக்கம்போல ஒரு பேச்சு. அதற்கு முன் 1996இல் வோராவரும் ரெபெக்கா ராட்னரும் கண்டது இன்னும் நெஞ்சைத் தொடுவது. நான் முதலில் பேசாததற்குக் காரணம் கேட்டால், பயம் என்கிறோம். எதிரே இருப்பவர் பேசாததற்குக் காரணம் கேட்டால், விருப்பமில்லை என்கிறோம். இருவரும் ஒரே பயத்தில் மௌனமாக இருக்க, ஒவ்வொருவரும் மற்றவரின் மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளி வாழ்க்கையில் முளைத்த எத்தனையோ ஈர்ப்புகள் இப்படித்தான் கருகியிருக்கும்.

நட்பிலிருந்து காதல் பிறப்பது அபூர்வமும் அல்ல. விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டானு ஸ்டின்சன் குழு ஏழு ஆய்வுகளில் 1,897 பேரின் பதில்களைத் தொகுத்து, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் உறவு நட்பாகவே தொடங்கியது என்று 2021இல் அறிவித்தது. கனடா, அமெரிக்கா நிலவரம் அது. இங்கே சாதியும் வீடும் குறுக்கே நிற்பதால் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் நட்பு காதலுக்கு எதிரானது என்ற எண்ணத்தை அந்த முடிவு உடைக்கிறது.

பல ஆண்டு கழித்து வரும் ஒரு செய்திக்கு எவ்வளவு எடை தரலாம்? கொஞ்சம் தரலாம். லாரா அக்னினும் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் 2024இல் வெளியிட்ட ஆய்வுகளில், பழைய நண்பரோடு பேச வேண்டும் என்று ஆசை இருந்தும், எண் கையில் இருந்தும், எழுத நேரம் ஒதுக்கிக் கொடுத்தும்கூட, செய்தியை அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே செய்தி அனுப்பியவர் ஒரு தயக்கத்தைத் தாண்டி வந்திருக்கிறார். எதற்காகத் தாண்டினார் என்பதைத்தான் அது சொல்லாது. தனிமை, அம்மாவின் மறைவு, ஊர் மாறியது, வெறும் பள்ளி நினைவு எதுவாகவும் இருக்கலாம்.

ஏன் மனிதர்கள் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறார்கள்? ஸ்டீவன் பிங்கரும் உடனிருந்தோரும் 2008இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மறைமுகப் பேச்சு, பின்வாங்க இடம் வைத்துக்கொள்ளும் உத்தி. "காபி சாப்பிடலாமா" என்று கேட்டவர், மறுக்கப்பட்டாலும் நண்பராகவே தொடரலாம். ஒரு புகைப்படமே வதந்தியாகிவிடும் ஊரில், அந்த இடம் பெண்களுக்கு இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. அவர்களின் குறிப்புகள் மங்கலாக இருப்பதைப் புதிர் போடுவதாகவோ விளையாட்டுக் காட்டுவதாகவோ எண்ணுவது அநியாயம்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? உயிரியலாளர் அமோட்ஸ் சஹாவி 1975இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும் என்பது என் எண்ணம். விலங்குகளின் சமிக்ஞைகளில் நம்பத்தக்கவை, காட்டுபவருக்கு ஏதோ ஒரு செலவு வைப்பவை. இதய எமோஜிக்குச் செலவில்லை. ஸ்டேட்டஸை முதலில் பார்ப்பதற்கும், நள்ளிரவு லைக்குக்கும் இல்லை. நேரம், முயற்சி, துணிச்சல் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. எனவே ஒரு பார்வையையோ ஒரு வாக்கியத்தையோ ஆராய்வதை விட்டுவிட்டு, சில மாதங்களின் போக்கைப் பாருங்கள். தொடர்பைத் தொடங்குவது எப்போதும் நீங்களா, அவருமா? மற்றப் பழைய நண்பர்களிடமும் அவர் இப்படித்தானா? இதுதான் மிக முக்கியமான ஒப்பீடு. இதை நாம் செய்வதே இல்லை. எல்லோரையும் "செல்லம்" என்று அழைப்பவர் உங்களையும் அழைப்பதில் ஒன்றுமில்லை. எல்லோரிடமும் அளந்து பேசுகிறவர் உங்களிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசினால் அதில் ஏதோ இருக்கிறது. இருவர் மட்டும் சந்திக்க அவராக நேரம் ஒதுக்குகிறாரா, உங்கள் வாழ்க்கையில் யாராவது இருக்கிறார்களா என்று அறிய முயல்கிறாரா என்பதும் கவனிக்கத்தக்கது. இத்தனையும் சேர்ந்தாலும் கிடைப்பது கொஞ்சம் வலுவான ஊகம் மட்டுமே.

இருவரில் யாருக்காவது திருமணமாகியிருந்தால் விஷயம் வேறு. கலிபோர்னியாவின் நான்சி கேலிஷ் 1990களில், பழைய காதலோடு மீண்டும் சேர்ந்த 1,001 பேரை ஆராய்ந்தார். இளமையில் பிரிந்ததற்கு முக்கியக் காரணம் பெற்றோரின் எதிர்ப்பு. மீண்டும் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சேர்ந்தே இருந்தார்கள். இந்த எண்ணைப் பலர் ஆசையோடு மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து தங்கள் கதையைச் சொன்னவர்கள்; ஒரு காலத்தில் இருவரும் காதலித்தவர்கள். சொல்லாத ஒருதலை ஈர்ப்புக்கு அந்த எண் பொருந்தாது. சும்மா பேசிப் பார்ப்போம் என்று தொடங்கிய குடும்பஸ்தர்கள் எவ்வளவு வேகமாகச் சிக்கிக்கொள்கிறார்கள் என்று பிற்காலத்தில் கேலிஷே எச்சரித்து வந்தார்.

தடையில்லாத நிலையில் இருப்பவர்களுக்கு ஒரே வழிதான் உண்டு: கேட்பது. திட்டமிட்ட பெரிய அறிவிப்பு வேண்டாம், குழுவில் எல்லோர் முன்னும் வேண்டாம். மறுக்க அவருக்கு இடம் இருக்கும்படி, தனியாக, சுருக்கமாக, "எனக்கு உன்னிடம் நட்புக்கு மேல் ஒரு விருப்பம் இருக்கிறது, உனக்கு எப்படி?" என்று கேட்டாலே போதும். பல மாதம் குறிப்புகளைத் தோண்டியும் கிடைக்காத தகவல் அந்த ஒரு பதிலில் கிடைக்கும்.

பதிலைப் படிப்பதில் மட்டும் குழப்பம் வரக்கூடாது. சீலியா கிட்சிங்கரும் ஹன்னா ஃப்ரித்தும் 1999இல் எழுதிய ஆய்வு, மனிதர்கள் அன்றாடம் எப்படி மறுக்கிறார்கள் என்பதை உரையாடல் பகுப்பாய்வின் துணையோடு விளக்கியது. "முடியாது" என்ற சொல் அதில் அரிதாகவே வருகிறது. சற்றுத் தயக்கம், ஒரு பாராட்டு, ஒரு காரணம், இவைதான் மறுப்பின் வழக்கமான வடிவம். விருந்துக்கு அழைத்தவரிடம் நாம் எல்லோரும் இப்படித்தான் மறுக்கிறோம். அழைத்தவருக்கும் தப்பாமல் புரிகிறது. காதல் விஷயத்தில் மட்டும் புரியவில்லை என்பது ஏற்கத்தக்க சாக்கு அல்ல. "பார்க்கலாம்", "இப்ப கொஞ்சம் வேலை அதிகம்", "உன்னை நல்ல நண்பனாத்தான் பார்க்கிறேன்", நீலக்குறி விழுந்தும் வராத பதில், இவை அனைத்தும் மறுப்பு. மறுபடி கேட்காதீர்கள், நண்பர்களைத் தூது அனுப்பாதீர்கள், காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள். அவருக்கு மனம் மாறினால், உங்கள் எண் அவரிடம் இருக்கிறது.